சிலபஸ்: பிழைத்துப்போன ஒரு பிழை

தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றவர்களுக்குத் தெரியும். வினாத்தாள் கொடுத்துப் பத்து நிமிடம் ஆனதும் எங்காவது ஒரு கை உயரும். கூடுதல் தாள் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. தண்ணீர் கேட்பவர் முகம் இப்படி இருக்காது. "சார், பதிமூணாவது கேள்வி சிலபஸ்லயே இல்ல சார்." உடனே அறை முழுக்கத் தலைகள் நிமிரும். அதுவரை அந்தக் கேள்விக்கு மளமளவென்று விடை எழுதிக்கொண்டிருந்த பெண்ணும் பேனாவை வைத்துவிடுவாள், கிடைத்தால் எல்லாருக்கும் மார்க் கிடைக்கட்டுமே என்று.

சிலபஸ் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் அதிகாரம் அப்படி. படிக்காதவனையும் படித்தவனையும் ஒரே நொடியில் ஒன்றுசேர்த்துவிடும். ஆனால் அந்தச் சொல்லே ஒரு எழுத்துப் பிழையில் பிறந்தது என்று சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் நம்புவதில்லை. ஆசிரியர்களும்தான்.

முதலில் இன்றைய பொருளைப் பார்த்துவிடுவோம். ஒரு பாடத்தில் இந்தப் பருவத்துக்குள் எதையெல்லாம் நடத்தப்போகிறோம், எதிலிருந்து கேள்வி வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல்தான் சிலபஸ். அவ்வளவே. அதில் பாடம் இருக்காது, பாடத்தின் தலைப்புகள் மட்டுமே இருக்கும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் புழங்கும் சிலபஸ் தாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பாடத்தின் குறியீட்டு எண், பெயர். அதற்கு வலப்புறம் நான்கு எண்கள், 3 0 0 3 என்பதுபோல. முதலாண்டு மாணவர்கள் இதை ஏதோ ரகசியக் குறி என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். வாரத்துக்கு மூன்று மணி லெக்சர், டுடோரியல் கிடையாது, பிராக்டிகல் கிடையாது, தேறினால் மூன்று கிரெடிட் என்பதுதான் அதன் பொருள். கீழே ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட்டுக்கும் எதிரே 9 என்று போட்டிருக்கும், அதாவது ஒன்பது வகுப்பு. அடியில் கூட்டுத்தொகை 45. யூனிட்டுக்குள் வாக்கியமே இருக்காது. ஒரு தலைப்பு, ஒரு சிறு கோடு, அடுத்த தலைப்பு, மறுபடி கோடு. கடைசியில் பாட நூல் பட்டியல் ஒன்று, பார்வை நூல் பட்டியல் ஒன்று. இரண்டாவது பட்டியலில் உள்ள புத்தகத்தை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், நூலகர் உங்களை ஒரு தினுசாகப் பார்ப்பார்.

அந்தச் சிறு கோடுகளுக்கு நடுவில்தான் எல்லா வழக்கும் நடக்கிறது. அன்றைய பதிமூன்றாம் கேள்வியைத் தேடியபோது, நான்காம் யூனிட்டின் கடைசி வரியில், கடைசிக் கோட்டுக்கு அப்பால், இரண்டே சொற்களாக அது ஒதுங்கிக் கிடந்தது. சிலபஸில் இருந்தது, நடத்தப்படத்தான் இல்லை. நடத்தாமல் விட்டவர் அப்போது கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் கரிகுலம். லத்தீனில் ஓடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது; ஓட்டம், ஓட்டப் பந்தயம், பந்தயப் பாதை என்றெல்லாம் பொருள். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1582-லும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1633-லும் இதைப் படிப்புக்குப் பயன்படுத்திய பதிவுகள் இருக்கின்றன. ஒரு மாணவர் சேர்ந்த நாள் முதல் பட்டம் வாங்கும் வரை ஓடவேண்டிய மொத்தப் பாதை கரிகுலம். அதில் ஒரு பாடத்துக்கான தாள் சிலபஸ். தமிழில் கரிகுலத்தைக் கலைத்திட்டம் என்றும் சிலபஸைப் பாடத்திட்டம் என்றும் கல்வித்துறைக்காரர்கள் பிரித்து எழுதுவார்கள். மற்ற எல்லாருக்கும் இரண்டும் பாடத்திட்டம்தான். இலங்கையில் பாடவிதானம் என்ற சொல்லும் உண்டு.

கரிகுலத்துக்கு ஊர், பேர், பெற்றோர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சிலபஸுக்குத்தான் இல்லை.

நான் படித்த பள்ளியில் ஸ்டாஃப் ரூம் மூலையில் ஒரு பெரிய தகர டிரம் நிற்கும். அதில் சுருட்டி வைத்த சார்ட்டுகளும் வரைபடங்களும். வெளியே தெரிவது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி துணி முதுகுதான். சமூக அறிவியல் ஆசிரியை ஆசியா மேப் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். நான் ஓடிப்போய் ஒன்றை உருவி வந்து ஆணியில் மாட்டி விரித்தேன். மனிதச் செரிமான மண்டலம். வகுப்பு சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அன்று மதியமே ஆசிரியை எங்களை உட்காரவைத்து, வெள்ளைத் தாளை விரற்கடை அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, சுருளின் விளிம்பில் தொங்குகிற மாதிரி சத்துணவுக் கூடத்துச் சோற்றுப் பசையால் ஒட்டவைத்தார். பத்தே நாளில் பாதி உதிர்ந்துபோனது வேறு கதை.

கிரேக்கர்களும் ரோமர்களும் புத்தகம் வைத்திருந்தது இப்படிச் சுருளாகத்தான். பாப்பிரஸ் தாளை நீளமாக ஒட்டிச் சுருட்டி, அலமாரியில் படுக்கவைத்து அடுக்குவார்கள். எது எந்த நூல் என்று தெரிய, சுருளின் ஓரத்தில் தோலாலோ பாப்பிரஸாலோ ஆன சின்னத் துண்டு ஒன்று தொங்கும், அதில் ஆசிரியர் பெயரும் நூல் பெயரும் இருக்கும். அப்படி ஒன்று எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் மண்ணுக்குள்ளிருந்து சுருளின் துண்டோடு கிடைத்திருக்கிறது. கிரேக்கக் கவிஞர் பக்கிலிடீஸின் பெயரும் அவர் பாடல் வகையின் பெயருமாக இரண்டே சொற்கள் அதில். எங்கள் சோற்றுப் பசையைவிட நன்றாகவே ஒட்டியிருக்கிறார்கள்.

இனி கதை கி.மு. 56-க்குப் போகிறது. ரோமின் பேர்பெற்ற வழக்கறிஞரும் பேச்சாளருமான சிசரோ அரசியல் பகையால் நாடுகடத்தப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்குப் பின் திரும்பி வந்திருந்தார். அவர் இல்லாத நேரத்தில் ரோமிலிருந்த அவர் வீட்டை எதிரிகள் இடித்துத் தள்ளியிருந்தார்கள். ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்த வீட்டில் உட்கார்ந்து, மிஞ்சிய புத்தகங்களை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். நினைத்ததைவிட அதிகமாகவே பிழைத்திருந்தன. அடுக்கிக் கொடுக்க வந்தவர் டிரானியோ, போர்க் கைதியாக ரோமுக்கு வந்த கிரேக்க அறிஞர்.

ஆள் போதவில்லை. சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்குக் கடிதம் எழுதினார். உன்னிடம் இருக்கும் நூலக ஆட்களில் இரண்டு பேரை அனுப்பு, ஒட்டுகிற வேலைக்கும் மற்ற எடுபிடி வேலைக்கும் டிரானியோவுக்கு உதவுவார்கள். பெயர்த் துண்டு செய்யக் கொஞ்சம் மெல்லிய தோலும் கொடுத்துவிடு, 'கிரேக்கர்களான நீங்கள்' அதை ஏதோ சொல்வீர்களே, சிட்டிபா என்று நினைக்கிறேன் என்பது கடிதத்தின் சாரம். அட்டிகஸ் ரோமர்தான். ஏதென்ஸில் பல வருடம் இருந்தவர் என்பதால் அந்தக் கேலி. துபாயில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த மாமாவை ஊரில் ஷேக் என்று கூப்பிடுவது மாதிரி.

இரண்டு பேர் வந்தார்கள், டயனீசியஸ், மெனோஃபிலஸ் என்று அவர்கள் பெயர்கூடக் கடிதத்தில் பதிவாகியிருக்கிறது. இருவரும் அடிமைகள். வேலை முடிந்ததும் சிசரோ பூரித்துப்போய் மறுபடி எழுதுகிறார். டிரானியோ புத்தகங்களை அடுக்கிய பிறகு என் வீட்டுக்கு உயிர் வந்ததுபோல் இருக்கிறது, பெயர்த் துண்டுகள் புத்தகங்களைப் பளிச்சென்று காட்டுகின்றன என்கிறார். சிலபஸ் என்ற சொல்லின் பூர்வீகம் இதுதான். ஒரு மனிதர் தன் அலமாரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட தருணம்.

அப்புறம் நீண்ட இருட்டு. இத்தாலியின் வெரோனாவில் இருந்த பழைய பிரதியில் இந்தக் கடிதங்களை 1345-ல் கவிஞர் பெட்ரார்க் கண்டெடுத்தார். கைகளால் படி எடுத்துப் படி எடுத்து, 1470-ல் ரோமிலும் வெனிசிலும் அச்சேறின. எப்போது பிசகியது என்று நாள் குறிக்க முடியாவிட்டாலும் எப்படிப் பிசகியது என்று பார்க்கலாம். ட் ஒலிக்கான லத்தீன் எழுத்து ஒரு செங்குத்துக் கோடும் அதன் மேல் சின்னக் குறுக்குக் கோடும். ல் ஒலிக்கான எழுத்து வெறும் செங்குத்துக் கோடு. குறுக்குக் கோடு மங்கிவிட்டாலோ, எழுதுகிறவருக்குக் கண் அசந்துவிட்டாலோ, 'சிட்டிபாஸ்' என்ற பன்மைச் சொல் 'சில்லபோஸ்' ஆகிவிடும். கிரேக்கம் தெரியாத எழுத்தருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஓலையில் புள்ளி குத்த மாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் பழைய சுவடி எழுத்தில் தெரியாது. காலும் ரகரமும் ஒரே உருவம். 'கொடு' என்று எழுதியிருந்தால் கொடு என்றும் படிக்கலாம், கோடு என்றும் படிக்கலாம், தூக்கக் கலக்கத்தில் 'கெரடு' என்றும் படிக்கலாம். எந்த வரியில் எது சரி என்று முன்பின் பார்த்துப் பொருளை வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டும். வேறு வேறு ஏட்டில் வேறு வேறு மாதிரி இருந்தால் அதற்குப் பாடபேதம் என்று பெயர். பதிப்பாசிரியர்களின் ஆயுளில் பாதியைத் தின்றது இந்தப் பாடபேதம்தான்.

சிசரோவின் கடிதத்திலும் அதுதான் நடந்தது. ஒரு வித்தியாசம், அங்கே பிழை பிழையாக நிற்கவில்லை. 'சில்லபோஸ்' என்ற உருவத்தைப் பார்த்த பிற்கால அறிஞர்கள், கிரேக்கம் கற்றவர்கள், அதற்கு ஒரு குடும்பம் தேடினார்கள். கிரேக்கத்தில் 'சுல்லம்பானோ' என்று ஒரு வினை உண்டு, சேர்த்துப் பிடித்தல் என்று பொருள். அசையைக் குறிக்கும் சிலபிள் என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து உண்மையாகவே வந்தது, எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்தால் அசை. ஆகா, பட்டியல் என்பதும் பல விஷயங்களைச் சேர்த்துப் பிடிப்பதுதானே, 'சில்லபோஸ்' அதன் பிள்ளை என்று எழுதிவிட்டார்கள். பிழைக்குப் பிறப்புச் சான்றிதழே கிடைத்துவிட்டது.

சாட்சிக்கு ஒருவரையும் கூட்டிவந்தார்கள், கி.பி. 400 வாக்கில் எழுதிய புனித அகஸ்டின். வானதூதர்கள் இறைவனின் திருவுளத்தைக் காலத்தின் அசைகள் இல்லாமலே படிக்கிறார்கள் என்று அவர் ஓரிடத்தில் அழகாகச் சொல்கிறார். அந்த 'அசைகள்' என்ற சொல்லைச் சிலபஸ் என்று அர்த்தம் பண்ணி, பார், பழைய ஆதாரம் என்றார்கள். வானதூதர்களுக்குச் சிலபஸ் கிடையாது என்று அகஸ்டின் சொன்னதாக ஆகிவிட்டது. படிக்கிற பிள்ளைகள் பொறாமைப்படக்கூடிய நிலைமைதான், ஆனால் அவர் சொன்னது அதுவல்ல.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பெயர்த் துண்டின் கிரேக்கப் பெயர் சிட்டிபாதான் என்பார் ஒரு சாரார். இல்லை, 'சில்லிபோஸ்' என்பார் மற்றொரு சாரார். ஓலைச்சுவடி போலவே பாப்பிரஸ் சுவடிகளை ஆராய்கிறவர்கள் இன்றும் இரண்டாவதையே புழங்குவதைப் பார்க்கலாம். அதுவே சரி என்றால் பிழை இன்னும் சின்னது. எப்படியானாலும், சுல்லம்பானோவின் பிள்ளை சிலபஸ் என்ற உறவு கட்டுக்கதைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை, குறிப்பாக வாட்ஸ்அப்பில் சொல்லாராய்ச்சி செய்கிறவர்களுக்கு. சிட்டிபா என்று படித்ததும் சிட்டை, சீட்டு என்று நாக்கு நுனிக்கு வந்திருக்கும். 'துண்டுச் சீட்டுதானே, அப்போ தமிழ்தான்!' என்று கிளம்பிவிடாதீர்கள். ஓசை ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிற மாதிரி இருக்கிறது, ஆகவே உறவு என்று முடிவுகட்டியதால்தான் சிலபஸுக்கே பொய்க் கிரேக்கப் பெற்றோர் வாய்த்தார்கள். அந்த அறிஞர்கள் ஒன்றும் மடையர்கள் அல்ல. ஓசை ஒற்றுமை படித்தவர்களையும் கவிழ்க்கும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1656 வாக்கில் அட்டவணை, பட்டியல் என்ற பொருளில் நுழைகிறது. அதன் பின் பாதைகள் பலவாறு பிரிகின்றன. 1864-ல் போப் ஒன்பதாம் பயஸ் திருச்சபை ஏற்காத எண்பது கருத்துகளைத் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அதன் பெயர் பிழைகளின் சிலபஸ். பிழையில் பிறந்த சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் முன்னால் ஒரு சுருக்கம் அச்சாகும், அதற்கும் சிலபஸ் என்றே பெயர். அந்தச் சுருக்கம் தீர்ப்பின் பகுதி அல்ல என்று 1906-ல் ஒரு வழக்கில் நீதிமன்றமே சொல்லவேண்டிவந்தது. சுருளில் தொங்கும் துண்டைப் பார்த்துவிட்டுச் சுருளையே படித்துவிட்டதாக நினைக்கிறவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

கல்விப் பொருளில் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பொதுத் தேர்வுகள் வந்தன, ஊர் ஊராகப் போய்ப் பேசும் சொற்பொழிவுத் தொடர்கள் வந்தன. என்ன பேசப்போகிறோம், என்ன கேட்கப்போகிறோம் என்று அச்சிட்டுக் கையில் கொடுக்கும் தாள் தேவைப்பட்டது. நமக்கு வந்து சேர்ந்தது அந்தத் தாள்தான்.

பன்மையில் ஒரு சில்லறைச் சண்டை உண்டு. லத்தீன் முறைப்படி 'சிலபை' என்றுதான் சொல்லவேண்டும் என்று சில பேராசிரியர்கள் திருத்துவார்கள். லத்தீனில் முறையாகப் பிறக்காத சொல்லுக்கு லத்தீன் பன்மை எதற்கு? நான் சிலபஸ்கள் என்றே எழுதுகிறேன், இதுவரை யாரும் மார்க் குறைக்கவில்லை.

தமிழில் பாடத்திட்டம் என்று நாம் சொல்லும்போது முதலில் வரும் 'பாடம்' சுவாரசியமான சொல். வாய்விட்டு ஓதுவதைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. ஆசிரியர் நடத்துவதும் பாடம், ஏட்டில் உள்ள வாசகமும் பாடம், அதனால்தான் பாடபேதம். மனத்தில் ஏற்றினால் மனப்பாடம். செத்த புலியைப் பதப்படுத்தி நிறுத்துவதையும் எழுதுவதற்காகப் பனையோலையைப் பக்குவப்படுத்துவதையும் பாடம் செய்தல் என்கிறோம். பழைய தமிழ்ப் புலவர்கள் 'பாடம் படித்தேன்' என்று சொல்ல மாட்டார்கள், 'பாடம் கேட்டேன்' என்பார்கள். ஆசிரியர் சொல்ல, ஏட்டை வைத்துக்கொண்டு மாணவர் கேட்பார். அச்சிட்ட சிலபஸ் கிடையாது, ஆனால் எது முதலில், எது பிறகு என்ற வழக்கம் கெட்டியாக இருந்தது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம், கம்பராமாயணம்.

அந்த வழக்கப்படி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டுத் தேர்ந்து, 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். அதே ஆண்டு அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்றார் முதலியார். ஐயர் உற்சாகமாக ஒப்பித்தார், அத்தனை அந்தாதி, அத்தனை பிள்ளைத்தமிழ், அத்தனை கோவை. முதலியார் முகத்தில் சலனமே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்பதுபோல் ஒரு கேள்வி. அப்புறம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா?

இல்லை. மணிமேகலை, சிலப்பதிகாரம்? அவையும் இல்லை. தமிழ் உலகின் மிகப் பெரிய சிலபஸில் இல்லாத கேள்வி அது. ஐயர் கை உயர்த்தி முறையிடவில்லை. முதலியார் கொடுத்தனுப்பிய பிரதியோடு வீட்டுக்கு வந்து, ஒன்றும் புரியாமல் விழித்து, ஊர் ஊராகச் சுவடி தேடி, காலா ரகரமா, எகரமா ஏகாரமா என்று ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தார். சிந்தாமணி 1887-ல் அச்சாகி வந்தது.